நாய் பழிவாங்குமா? டாக்டர் பதில்கள்

தென்மாவட்ட கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர், நாய் வளர்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கோவில்பட்டி வாசகி: எங்கள் லேப்ரடார் ஜிம்மிக்கு மூன்று வயது. கல்யாணம், காதுகுத்து என்று வெளியே போய்விட்டு வந்தால் செருப்பு, தலையணை எதையாவது கிழித்து வைத்திருக்கிறது. "யாருடா இது?" என்று கேட்டாலே காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, திருட்டு முழி முழிக்கிறது. தப்பு செய்தது தெரிந்துதானே முழிக்கிறது? விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறதா?

முழிப்பது உண்மைதான். ஆனால் செருப்பைப் பார்த்து முழிக்கவில்லை, உங்கள் குரலைக் கேட்டு முழிக்கிறது.

அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதற்கென்றே ஒரு சோதனை நடத்தி, 2009-இல் முடிவை வெளியிட்டார். மொத்தம் 14 நாய்கள். "இதைத் தின்னக் கூடாது" என்று தின்பண்டத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும், நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில சமயம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்கள்தான் அப்படி முழித்தன. அதிலும் ஒன்றுமே தின்னாமல் அநியாயமாகத் திட்டு வாங்கியவை கூடுதலாகவே முழித்தன. காதை மடக்குவதும் உடம்பைக் குறுக்குவதும் "கோபம் வேண்டாம் சாமி" என்று கெஞ்சுவது. கணக்குத் தீர்க்கிற புத்தியெல்லாம் நமக்குத்தான், ஜிம்மிக்கு இல்லை.

அப்படியானால் ஏன் கிழிக்கிறது? ஒரு பழைய செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் போன கொஞ்ச நேரத்திலேயே வாசல் கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுக மூச்சு வாங்குவது, ஊளையிடுவது என்று ஆரம்பித்தால் அது தனிமைப் பயம். ஒரு தூக்கம் போட்டு எழுந்து சாவகாசமாகச் செருப்பைத் தேடிப் போனால் வெறும் பொழுதுபோக்கு. இரண்டாவதற்குக் கடிக்க வேறு சாமானும், கிளம்பும் முன் நல்ல நடையும் போதும். முதலாவதற்கு, வாசல் வரை போய்த் திரும்புவது, பிறகு தெருமுனை வரை போய்த் திரும்புவது என்று, அது பதறும் முன்பே வந்துவிடும்படி தனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். வந்த பிறகு திட்டுவதால் இரண்டுக்கும் பயன் இல்லை. நீங்கள் திரும்பி வருவதே பயப்பட வேண்டிய விஷயம் என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

சாத்தூர் வாசகர்: எங்கள் மணி நாட்டு நாய், ஒன்பது வயது. கோயில் பொங்கல் வேட்டுக்கெல்லாம் அசையாமல் படுத்திருந்த நாய், போன வருடத்திலிருந்து ஒரு சரவெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. மாடிக்கும் வருவதில்லை. பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்கிறார்களே? மெடிக்கலில் ஏதாவது மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "மாடிக்கும் வருவதில்லை" என்பதுதான் எனக்கு முக்கியம். வேட்டைப் பற்றிப் பேசும் முன் மணியின் இடுப்பையும் முதுகையும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

காரணம் சொல்கிறேன். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை ஆராய்ந்து 2018-இல் எழுதினார்கள். பத்து நாய்களுக்கு மூட்டு, தசை வலி இருந்தது. மற்ற பத்துக்கு அப்படி வலி இல்லை. வலி இருந்த நாய்களுக்குச் சத்தப் பயம் சராசரியாக நான்கு வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. திடீர் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும், தசை இறுகும். மூட்டு தேய்ந்த நாய்க்கு அந்த நொடியில் சுருக்கென்று வலிக்கும். வெடித்தால் வலிக்கும் என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அப்புறம் சத்தம் கேட்ட இடத்தைக் கண்டாலே பயம். குட்டியிலிருந்து பயப்படும் நாய் வேறு, வயதான பிறகு புதிதாகப் பயப்படும் நாய் வேறு.

வலித்தால் நாய் கத்தும் என்று பலரும் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கத்தாது. இடுப்பிலிருந்து பின்னங்கால் வரை கையை மெல்ல இறக்கிக்கொண்டே முகத்தைப் பார்ப்பேன். வலிக்கிற இடம் வந்ததும் மூக்கை ஒரு தடவை நக்கும். இரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அவ்வளவுதான். கீழே இறக்கிவிட்ட பிறகு பார்த்தால் மேசையின் ஸ்டீல் தகட்டில் நான்கு பாதமும் ஈரமாகப் பதிந்திருக்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும். கூட வந்தவர் "ஒன்றுமே செய்யவில்லையே, நல்லாத்தான் இருக்கு சார்" என்பார். நடத்தைக் கோளாறு என்று சிறப்பு மருத்துவர்களிடம் வரும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒன்றுக்காவது ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்கிறது என்று அதே லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸ் குழுவினர் 2020-இல் கணக்கிட்டார்கள். சில மருத்துவர்களிடம் அது 80 சதவீதத்தை நெருங்கியது.

தடவிக்கொடுத்தால் பயம் வளராது. பயம் ஒரு வித்தை இல்லை, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு. உங்கள் மடியைத் தேடி வந்தால் இடம் கொடுங்கள். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்தபோது, வெடிச் சத்தம் கேட்டவுடன் ருசியான தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள். எனவே தீபாவளிக்குக் கோழித்துண்டை வேகவைத்துத் தயாராக வைத்திருங்கள். முதலில் சத்தம், பிறகு துண்டு. இந்த வரிசை மாறக் கூடாது. கட்டிலடியை அடைக்காதீர்கள், அது தானே தேர்ந்தெடுத்த பதுங்கிடம். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை வேகமாக வையுங்கள். வெடிக்க அனுமதித்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழும், மாலை ஏழிலிருந்து எட்டும்தான். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை நம்ப முடியாது என்பது உங்களுக்கே தெரியும். வெளியே கூட்டிப்போவதை மதியமே முடித்துவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. பண்டிகைக்குச் சில வாரம் முன்பே போய் டாக்டரிடம் கேளுங்கள், முந்தின நாள் இரவு போன் செய்யாதீர்கள்.

கோவை வாசகர்: சாப்பிடும்போது கிட்டே போனால் எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் உறுமுகிறது. பயிற்சி கொடுப்பவர், "அது தன்னைத் தலைவன்னு நினைக்குது, மல்லாக்கப் போட்டு அமுக்குங்க, நீங்கதான் ஆல்ஃபான்னு தெரியணும்" என்கிறார். வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள்.

பேத்தி இருக்கிற வீட்டில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இந்த ஆல்ஃபா கதை எங்கிருந்து வந்தது? ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர், ஸ்விட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சியகத்தில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970-இல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. அதே மீச், காட்டு ஓநாய்களை நேரில் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், பதவிச் சண்டைக் கூடாரம் இல்லை என்று 1999-இல் எழுதினார். சொன்னவரே மாற்றிக்கொண்டு கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் பயிற்சியாளர்களுக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தபோதோ உதைத்தபோதோ நாய் திருப்பித் தாக்க வந்ததாக 43 சதவீதம் பேர் சொன்னார்கள். மல்லாக்கப் போட்டு அமுக்கியபோது 31 சதவீதம். போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களை வைத்து 2020-இல் நடந்த ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்கள் உதட்டை நக்குவதும் கொட்டாவி விடுவதும் அதிகமாக இருந்தது. பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியது.

உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். செய்ய வேண்டியது இது: சாப்பாடு தனி அறையில், கதவு சாத்தி. பேத்தி அந்தப் பக்கமே போகக் கூடாது. பெரியவர்கள் மட்டும் தூரத்தில் நடந்துபோகும்போது தட்டில் இருப்பதை விட நல்ல ஒரு துண்டை வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஆள் வந்தால் பிடுங்க மாட்டார், கொடுப்பார் என்று அதற்கு உறைக்க வேண்டும். பேத்தியை இந்தப் பழக்கத்தில் சேர்க்காதீர்கள். இதற்குள் கடிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் நேரில் டாக்டரிடம் போங்கள், பத்திரிகை பதிலை நம்பி இருக்காதீர்கள்.

மேலூர் வாசகி: வாலை ஆட்டிக்கொண்டே வந்த நாய் என் தம்பியைக் கடித்துவிட்டது. அது எப்படி?

வால் ஆடினால் நாய் பரபரப்பாக இருக்கிறது என்று அர்த்தம், சந்தோஷம் என்று அர்த்தம் இல்லை. இத்தாலியில் 30 நாய்களைப் படம்பிடித்து 2007-இல் அளந்தார்கள். வளர்த்தவரைக் கண்டால் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது, முறைப்பான அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். தெருவில் நின்று இதை அளக்க முடியாது. உடம்பைப் பாருங்கள். இடுப்பே சேர்ந்து ஆடினால் பயமில்லை. உடம்பு விறைத்து, வால் உயரத்தில் வெடவெடவென்று சின்னதாக ஆடினால் ஒதுங்கிவிடுங்கள். தம்பிக்குத் தடுப்பூசி முழுவதும் போட்டாயிற்றா? கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தக் கூடாது.

திண்டுக்கல் வாசகர்: காவலுக்கு என்று ராஜபாளையம் வாங்கினோம். பகலெல்லாம் கேட் பக்கம் சங்கிலியில் இருக்கிறது. ஒரே இடத்தில் வட்டம் போடுகிறது, நாள் முழுக்கக் குரைக்கிறது. பக்கத்து வீட்டில் புகார். இன்னும் கண்டிப்பு வேண்டுமா?

வேட்டைக்கு ஓடிய சாதியை வாங்கி ஐந்தடிச் சங்கிலியில் கட்டியிருக்கிறீர்கள். அது வட்டம் போடாமல் என்ன செய்யும்? நடக்க வழியில்லாத உடம்பு அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துதான் தன்னைச் சமாளிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னதோடு விட்டார். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே இருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்.

காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போங்கள். போகும்போது "வா வா" என்று இழுக்காதீர்கள். ஒரு கம்பத்தடியில் அது மோந்துகொண்டு நின்றால் நீங்களும் நில்லுங்கள். மேலே சொன்ன ஹோரோவிட்ஸும் ஷார்லட் டுரான்டனும் 2019-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு வாரம் தீனியை மோப்பம் பிடித்துத் தேடிய நாய்கள், புது இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தபோது "இதில் தீனி இருக்கும்" என்ற நம்பிக்கையோடு முன்பைவிட வேகமாகப் போயின. காலோடு கால் ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. வீட்டில் இதற்குச் செலவே இல்லை: பழைய சாக்கைச் சுருட்டி, மடிப்புகளில் கறித்துண்டைப் பொதித்துப் போடுங்கள். அது மூக்கை நுழைத்து, சாக்கைக் காலால் மிதித்துப் பிரித்து முடிப்பதற்குள் நீங்கள் ஒரு காபி குடித்துவிடலாம்.

சென்னை வாசகி: வேலைக்குப் போகும்போது நாய்க்குப் பாட்டுப் போட்டுவிட்டுப் போகலாமா? என்ன பாட்டு?

போடலாம், சத்தம் குறைவாக. நமக்குக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதற்கு சுமார் 45,000 வரை. ஸ்காட்லாந்துக் காப்பகம் ஒன்றில் மேற்கத்திய செவ்விசை போட்டுப் பார்த்தார்கள். நாய்கள் முதலில் அமைதியாயின, சில நாளில் பழகிப்போய்ப் பழையபடி ஆகிவிட்டன. அப்புறம் வகை வகையாக மாற்றிப் போட்டதில் ஜமைக்காவின் ரெகே இசையும் மெல்லிய ராக் இசையும் நன்றாக எடுபட்டன. நம் ஊர் குத்துப்பாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. எதைப் போட்டாலும் நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போக வழி இருக்கட்டும். போய்விட்டால் பாட்டை மாற்றுங்கள்.