டாஸ் காலத்துக் கறுப்புத் திரை: கேள்வி பதில்

விண்டோஸுக்கு முன் பிசிக்களை இயக்கிய டாஸ், பழைய விண்டோஸ் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: அண்ணா, டர்போ சி-யில் பிரிண்ட்எஃப்-ஐ விட சிபிரிண்ட்எஃப் வேகமாக ஓடுகிறதே, ஏன்?

பதில்: இரண்டுமே டர்போ சி என்ற பழைய சி மொழிக் கம்பைலரில் திரைக்கு எழுத்து அனுப்பும் கட்டளைகள். பிரிண்ட்எஃப் எழுத்தை டாஸிடம் கொடுக்கும், டாஸ் அதை மெஷினோடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸிடம் தள்ளிவிடும், பயாஸ் ஒவ்வொன்றாக ஆற அமர எழுதும். சிபிரிண்ட்எஃப் யாரையும் கேட்காது, திரையில் தெரிவதை வைத்திருக்கும் வீடியோ மெமரியில் நேராகக் கை வைத்துவிடும். கலர் கார்டில் அது ஹெக்ஸ் (16-அடிமான எண்) பி8000 என்ற முகவரியில் தொடங்குகிறது. 80 பத்தி, 25 வரி, எழுத்துக்கு 2 பைட்: மொத்தத் திரையும் 4000 பைட்தான். முதல் பைட் எழுத்து, அடுத்தது நிறம். அங்கே 65, 30 என்று போட்டுப் பாருங்கள், இடது மேல் மூலையில் நீலத்தின் மேல் மஞ்சளாக ஆங்கில 'ஏ' வந்து உட்காரும். 30-ஐ 158 ஆக்கினால் அதுவே கண்சிமிட்டும். எனக்கு கம்ப்யூட்டர் பிடித்துப்போனது அந்தச் சிமிட்டலில்தான்.

கேள்வி: அப்படியானால் டாஸ் வழியாக எழுதுவதால் லாபமே இல்லையா?

பதில்: உண்டு. அப்படி எழுதியதை '>' குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பலாம். நேராகத் திரையில் எழுதியது கோப்புக்குள் வராது.

கேள்வி: அதே டாஸ் புரோகிராம் விண்டோஸ் 3.1-இல் சின்ன ஜன்னலுக்குள் ஓடியதே, எப்படி?

பதில்: சுத்தமான ஏமாற்று வேலை. 386 சிப்பில் வர்ச்சுவல் 8086 என்று ஒரு முறை உண்டு. அதில் ஓடும் டாஸ் புரோகிராம், மொத்த மெஷினும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும். அது பி8000-இல் எழுதுவது உண்மையில் வேறு இடத்து மெமரிக்குப் போகும். விண்டோஸ் அதை எட்டிப் பார்த்து ஜன்னலில் வரைந்து காட்டும். ஆல்ட்-என்டர் அடித்தால் நிஜத் திரையே டாஸ் புரோகிராமின் கைக்குப் போய்விடும்.

கேள்வி: பழைய பாஸ்கல் புரோகிராம் திறந்ததுமே 'ரன்டைம் எரர் 200', அதாவது பூஜ்யத்தால் வகுத்த பிழை, என்கிறது. பூஜ்யத்தால் எங்கும் வகுக்கவில்லையே?

பதில்: உங்கள் தப்பில்லை. டர்போ பாஸ்கலில் திரை, கீபோர்டு வேலைகளுக்கான சிஆர்டி யூனிட், கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளைக்காக, தொடங்கும்போதே டைமரின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லிசெகண்டில், ஒரு லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். சிப் வேகமாக இருந்தால் விடை 65535-ஐத் தாண்டிவிடும், 16 பிட்டில் அடங்காது. சிப் அதையும் பூஜ்யத்தால் வகுத்த கணக்கில்தான் சேர்க்கும். மெஷின் வேகமானதே குற்றமாகிவிட்டது! இதற்கென்றே பேட்ச்கள் (திருத்தங்கள்) இருக்கின்றன, போட்டுவிடுங்கள்.

கேள்வி: சார், கடையில் டாஸ் பில்லிங் புரோகிராம் ஓடுகிறது. புது 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: திறக்காது. சிப் 64 பிட் முறைக்குப் போனால் மேலே சொன்ன வர்ச்சுவல் 8086 கிடையாது. அதனால் டாஸ் புரோகிராமை ஓட்டும் என்டிவிடிஎம் 64 பிட் விண்டோஸில் இல்லை. பழைய டாஸ் மெஷின் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராம் விளையாட்டுகளை மனதில் வைத்து எழுதியது, பிரிண்டர் என்றால் கைவிரிக்கும். அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸில் பிரிண்டர் வசதி உண்டு, முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், எதைத் தொடுவதற்கு முன்பும் டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள் சார்.