வலிக்கிறது என்று அவருக்குத் தெரியும்

வணக்கம். அப்பா இறந்ததைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேவலமாகக் கிண்டல் செய்தார். எவ்வளவு உடைந்துபோயிருக்கிறேன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அப்புறம்தான் இன்னும் மோசமாக எழுதினார். நான் எங்கே தவறினேன்?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எங்கும் தவறவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் நிறுத்திக்கொள்வார் என்று நம்பினீர்கள். அது இயல்பான நம்பிக்கை.

2014இல் கனடாவின் எரின் பக்கல்ஸும் உடன் ஆய்வாளர்களும், ட்ரோல் செய்வதை, அதாவது இணையத்தில் வேண்டுமென்றே அடுத்தவரைச் சீண்டிப் புண்படுத்துவதை, ரசிப்பவர்களின் குணங்களை ஆராய்ந்தார்கள். தற்பெருமை, சூழ்ச்சி, ஈவிரக்கமின்மை, பிறர் வேதனையில் இன்பம் காண்பது என்ற நான்கில் கடைசிக் குணம்தான் ட்ரோலிங்குடன் மிக நெருக்கமாக ஒட்டியிருந்தது. தலைக்கனம்தான் காரணம் என்று நாம் நினைப்போம். அதற்குப் பெரிதாகத் தொடர்பே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இன்னொரு ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. 2017இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. பிறர் துயரத்தைத் தானும் உணரும் தன்மை குறைந்தவர்களிடம் ட்ரோலிங் அதிகம் இருந்தது. ஆனால், ஈவிரக்கம் இல்லாதவர்களிடம், அடுத்தவர் மனதைப் படிக்கும் திறமை கூடக்கூட ட்ரோலிங்கும் கூடியது. அப்படிப்பட்டவருக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று நன்றாகவே தெரியும். அவரிடம் போய் நீங்கள் அந்த இடத்தைக் காட்டியிருக்கிறீர்கள். புரியாமல் பேசுகிறார், புரியவைத்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது.

அவர் அந்த ரகம்தானா என்று நாலு வரியை வைத்து என்னால் சொல்லிவிட முடியாது. சாதாரண மனிதர்களும் சில நேரம் இப்படி இறங்கிவிடுகிறார்கள். அதே 2017இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், நல்ல மனநிலையில், வசை இல்லாத உரையாடலுக்குள் வந்தவர்கள் எழுதியதில் 35 விழுக்காடு ட்ரோலிங். மனநிலை கெட்டு, வசைகளையும் பார்த்தபின் எழுதியவர்களிடம் அது 68 விழுக்காடு. இவர்களிடம் ஒருமுறை சொல்லிப்பார்க்கலாம், சிலர் வெட்கப்பட்டு விலகவும் கூடும். சொன்னபிறகு வேகம் கூடினால் அடுத்த வரி எழுதாதீர்கள், பிளாக் செய்துவிடுங்கள். அது தோல்வி இல்லை.

அப்பாவைப் பற்றிய பதிவை மட்டும் நீக்கிவிடாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.