இன்குபேட்டரில் முதல் ஈடு: கேள்வி பதில்

கேள்வி (திருவாரூர்): பத்து நாட்டுக்கோழி முட்டைகளைத் தெர்மோகோல் பெட்டி இன்குபேட்டரில் வைக்கவிருக்கிறேன். வெப்பநிலை 37.5 டிகிரி என்கிறார் ஒருவர், 38.5 என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டுமே சரி, அவர்கள் இருவரும் வெவ்வேறு பெட்டிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். உள்ளே மின்விசிறி சுழலும் பெட்டியில் வெப்பம் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவுவதால் 37.5 டிகிரி செல்சியஸ் போதும். மின்விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளக்கும்போது 38.5 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஆனால் இதைவிட முக்கியமான கேள்வி, உங்கள் வெப்பமானி உண்மை சொல்கிறதா என்பது. மலிவுப் பெட்டிகளோடு வரும் கருவி ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டுவது சாதாரணம். அந்த ஒரு டிகிரி மூன்று வாரம் நீடித்தால் ஈடு முழுவதையும், அதாவது ஒரே முறையில் அடைக்கு வைத்த எல்லா முட்டைகளையும், கெடுத்துவிடும். ஆகவே முட்டை வைப்பதற்கு முன்பே, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் இன்குபேட்டரின் உணர்முனையையும் வெதுவெதுப்பான நீரில் ஒன்றாகப் பிடித்து ஒப்பிடுங்கள். ஈரப்பதமானியையும் சோதிக்கலாம்: ஒரு மூடியில் உப்பை எடுத்து, கரைந்துவிடாத அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டுக் குழைத்து, ஈரப்பதமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத உறைக்குள் இரவு முழுவதும் வைத்தால், காலையில் அது 75 விழுக்காடு காட்ட வேண்டும். பிறகு பெட்டியை ஒரு நாள் வெறுமனே ஓடவிட்டு, அளவு நிலைத்த பின்னரே முட்டைகளை வையுங்கள்.

கேள்வி (ஓசூர்): கடையில் வாங்கும் முட்டை பொரிக்குமா?

பதில்: பொரிக்காது. நாமக்கல் போன்ற இடங்களிலுள்ள முட்டைப் பண்ணைகளில் சேவலே இல்லை. கருக்கூடாத முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் அது கூமுட்டைதான். சேவல் சேர்ந்த கூட்டத்திலிருந்து, இட்டு ஏழு நாளுக்கு மேற்படாத முட்டைகளாக எடுங்கள். அவற்றைக் கழுவாதீர்கள், ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சுதான் கிருமிகள் உள்ளே புகாமல் தடுக்கிறது. பேருந்திலோ கூரியரிலோ வந்த முட்டையானால், அகன்ற முனை மேலிருக்குமாறு ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அதன் பிறகு அடைக்கு வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): என் பெட்டியில் தானாகத் திருப்பும் வசதி இல்லை. எப்படித் திருப்புவது, எதுவரை திருப்புவது?

பதில்: பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் இட்டு, நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரவின் நீண்ட இடைவெளியில் முட்டை அடுத்தடுத்த நாள்களில் ஒரே பக்கமாகக் கிடக்காது. திருப்பாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் இந்த அபாயம் அதிகம். வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல், 24 மணி நேரம் முடிந்ததை முதல் நாளாக எண்ணி வந்து, 18ஆம் நாளில் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். குஞ்சு அப்போதுதான் வெளிவருவதற்கேற்பத் தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது.

கேள்வி (கடலூர்): ஐப்பசி மழையில் வைத்த ஈட்டில், 21ஆம் நாளில் பாதி முட்டைகளுக்குள் முழுதாக வளர்ந்த குஞ்சுகள் இறந்து கிடந்தன. தண்ணீர்த் தொட்டி ஒரு நாளும் வற்றியதில்லை. பின் ஏன் இப்படி?

பதில்: தொட்டி வற்றாததே காரணமாக இருந்திருக்கலாம். 18 நாளுக்குள் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 அல்லது 13 விழுக்காட்டை நீராவியாக இழந்தால்தான், அகன்ற முனையிலுள்ள காற்றறை போதிய அளவு விரியும். ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்த அறைக்குள்தான். கடலோர மழைக்காலக் காற்றே ஈரம் நிறைந்தது. அதன்மேல் நீங்கள் தொட்டியையும் நிரப்பினால் காற்றறை சிறுத்து, குஞ்சு உள்ளேயே மூச்சுத் திணறிவிடும். முதல் 18 நாள் 50 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 என்பதே இலக்கு. அந்த அளவு காற்றிலேயே இருந்தால் தொட்டி காலியாக இருப்பதில் குற்றமில்லை. ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் இருட்டறையில் டார்ச் ஒளியில் முட்டையைப் பாருங்கள். சிலந்திபோல் நரம்புகள் பரவியிருந்தால் உயிருள்ளது. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. காற்றறை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதையும் அப்போதே கண்டுகொள்ளலாம்.

கேள்வி (தேனி): எங்கள் ஊரில் மின்சாரம் திடீரென இரண்டு மணி நேரம் போய்விடுகிறது.

பதில்: அஞ்ச வேண்டாம். தாய்க்கோழியும் இரை தேட அடையை விட்டு எழுகிறதல்லவா? மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை அடைக்காமல், மேலே கம்பளி போர்த்துங்கள். கூடுதல் நேரமானால் வெந்நீர்ப் புட்டிகளை உள்ளே வைக்கலாம். சற்றுக் குளிர்வதைக் கரு தாங்கிக்கொள்ளும். 40 டிகிரியைத் தாண்டிய சூட்டைத் தாங்காது. ஆகவே மின்சாரம் வந்ததும் பெட்டி மிகையாகச் சூடாகிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

கேள்வி (மதுரை): முட்டையில் துளை விழுந்து பத்து மணி நேரமாகிவிட்டது, குஞ்சு கத்துகிறது, வெளியே வரவில்லை. ஓட்டை உரித்துவிடட்டுமா?

பதில்: உரிக்காதீர்கள். முதல் துளைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு ஓய்ந்திருப்பது வழக்கம். அந்நேரத்தில்தான் சவ்விலுள்ள நரம்புகளின் இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சள்கருவும் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இப்போது உரித்தால் இரத்தம் கசியும். பார்க்கும் ஆவலில் மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சுகளை இறுக்கிவிடும். முதல் முறை வைப்பவர்கள் பலர் இந்தக் கடைசி நாளில்தான் கைதவறுகிறார்கள். நானும் என் முதல் ஈட்டில் அப்படித்தான் இரண்டு குஞ்சுகளை இழந்தேன்.

கேள்வி (ஈரோடு): பொரித்தவுடன் தீவனம் வைக்கலாமா?

பதில்: அவசரமில்லை. உள்ளிழுத்த மஞ்சள்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். உடல் நன்கு காய்ந்து மயிர் மலர்ந்த பிறகு எடுத்து, 33 முதல் 35 டிகிரிச் சூடுள்ள புரூடருக்கு (குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி) மாற்றி, வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். முதலில் தண்ணீர், அதுவும் கூழாங்கல் போட்ட ஆழமற்ற தட்டில். தரையில் வெறும் செய்தித்தாளை விரித்தால் கால் வழுக்கி அகன்றுவிடும் என்பதால், முதல் சில நாளுக்குச் சணல் சாக்கு விரியுங்கள்.