பழைய சீட்டுக்கு அல்பிரசோலம் தர மறுக்கிறார்களா?

அம்மாவின் அல்பிரசோலம் மாத்திரைக்கு (பதற்றத்தைக் குறைக்கும் மருந்து) மருத்துவர் போன வருடம் எழுதிய சீட்டைக் காட்டியதும் கடைக்காரர் மறுத்துவிட்டார், வேண்டுமென்றே அலைக்கழிக்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அவர் செய்ததுதான் சரி.

இந்த மாத்திரை, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில், அதாவது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ஏட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

சீட்டில்லாமல் தரும் கடையைத் தேடி அலையாதீர்கள். அதற்காக, தீர்ந்துவிட்டதே என்று சட்டென நிறுத்தவும் கூடாது. மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டவருக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். நாளைக்கே அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போய், புதுச் சீட்டு கேளுங்கள்; அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.