கிறிஸ் பெல்: மெம்ஃபிஸ் தந்த பவர் பாப் கலைஞர்

கேள்வி: பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழு என்றாலே அலெக்ஸ் சில்டனின் பெயரைத்தான் சொல்கிறார்கள். கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான கிறிஸ் பெல்லின் பங்கு எவ்வளவு?

பதில்: முதல் ஆல்பத்தைப் பொறுத்தவரை, அதன் ஒலிவடிவம் பெரும்பாலும் பெல்லுடையது என்பதே என் கருத்து. 1951-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் பிறந்த அவர், கறுப்பின அமெரிக்கர்களின் ஸோல் இசைக்குப் பெயர்பெற்ற அந்நகரில் பீட்டில்ஸ் முதலான பிரிட்டிஷ் குழுக்களின் மீது தீராத பற்றோடு வளர்ந்தவர். ஆர்டென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவிய ஜான் ஃப்ரை, ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ஒலிப்பதிவுக் கலையைக் கற்றுத் தந்து, கூடம் ஓய்ந்திருக்கும் நேரங்களில் அவர்களே பதிவுசெய்து பழகவும் இடம் கொடுத்தார். அங்கேதான் பெல்லின் காது பண்பட்டது. ஆண்டி ஹம்மலும் ஜோடி ஸ்டீஃபன்ஸும் உடனிருந்த அவருடைய குழுவில் 1971-இல் சில்டன் வந்து சேர்ந்தார்; அதுவே பிக் ஸ்டார் ஆனது. பாக்ஸ் டாப்ஸ் குழுவின் பாடகராகப் பதினாறு வயதிலேயே அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாடலைப் பாடியவர் என்பதால், வெளிச்சம் இயல்பாகவே சில்டன் மீது விழுந்தது. ஆனால் முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களில் இருவர் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றன.

கேள்வி: பவர் பாப் என்றால் என்ன?

பதில்: 1967-இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் பயன்படுத்திய சொல் அது. எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, இழைந்து ஒலிக்கும் பல குரல்கள், அவற்றின் அடியில் ராக் இசையின் முறுக்கோடு ஒலிக்கும் கிட்டார் ஆகிய மூன்றும் மூன்று நான்கு நிமிடங்களுக்குள் கூடிவருவதே அதன் இலக்கணம்.

கேள்வி: அவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் விற்கவில்லை?

பதில்: கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே நேரான விடை. 1972-இல் வெளிவந்த அந்த ஆல்பத்தை விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். விநியோகப் பொறுப்பு மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஸோல் இசைத்தட்டுகளை விற்றுப் பழகிய அந்நிறுவனத்துக்கு இத்தகைய ராக் ஆல்பத்தைக் கொண்டுசெல்லும் வழிகள் கைவசம் இல்லை. அதே ஆண்டில் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது நிலைமை மேலும் மோசமானது. வானொலியில் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடியவர்களுக்கும் தட்டு கிடைக்கவில்லை. ஒவ்வொரு சுருதியையும் செதுக்கிய ஒருவருக்கு இது எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் என் மனம் கனத்துவிடுகிறது. மனச்சோர்வால் வாடிய பெல் அந்த ஆண்டின் இறுதிக்குள் குழுவை விட்டு விலகினார்.

கேள்வி: விலகிய பிறகு அவர் இசையைக் கைவிட்டுவிட்டாரா?

பதில்: இல்லை, அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் அதன் பிறகே பிறந்தன. 1974-இல் சகோதரருடன் ஐரோப்பா சென்று, பிரான்ஸில் 'ஷத்தோ தெரூவில்' என்ற மாளிகையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுசெய்தார். பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கை லண்டனில் சந்தித்துத் தம் பாடல்களுக்கு ஒலிக்கலவை செய்துகொண்டார். எனினும் ஆல்பத்தை வெளியிட எந்த நிறுவனமும் முன்வராததால், ஊர் திரும்பிக் குடும்பத்தாரின் உணவகத்தில் வேலை பார்த்தார். 1978-இல் கார் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட ஒரேயொரு சிங்கிள்தான் (பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறிய இசைத்தட்டு) அவர் உயிரோடிருந்தபோது தனிப்பெயரில் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, 27 வயதில், கார் விபத்தில் அவர் இறந்தார். எஞ்சிய பதிவுகள் 1992-இல்தான் 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' என்ற ஆல்பமாக வெளிவந்தன.

முதன்முறை கேட்பவர்கள் அந்தச் சிங்கிளின் மறுபக்கத்தில் உள்ள 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்' பாடலிலிருந்து தொடங்கலாம். பெல்லின் மென்மையான குரலோடு இன்னொரு குரல் இழைவதைக் கவனியுங்கள், அது சில்டனுடையது.