நிலா இழுத்த வளையம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெனீவாவில் இருந்த துகள் முடுக்கியின் ஆற்றலை நிலா மாற்றியது என்று சென்ற வாரக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ரயில்வேயில் மின்பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். கடலை நிலா இழுக்கும், சரி. பாறைக்குள் கிடக்கும் காந்தங்களை அது என்ன செய்துவிடும்? அழகுக்காக எழுதியதா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

அழகுக்காக இல்லை. ஆனால் ஒரே வரியில் தாண்டிப்போனது என் தப்புதான்.

நான் சொன்னது செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் லெப் முடுக்கியை. 1989 முதல் 2000 வரை ஓடியது. சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையம். இன்று எல்எச்சி என்ற முடுக்கி இருப்பதும் அதே சுரங்கத்தில்தான்.

நிலாவுக்குப் பாறையும் நெகிழும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஜெனீவாப் பக்கம் தரை ஏறக்குறைய 25 செ.மீ. ஏறி இறங்குகிறது. வீடு, மரம், மனுஷன் எல்லாம் சேர்ந்தே ஏறுவதால் யாருக்கும் தெரிவதில்லை. அந்த நெகிழ்வில் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடிக் குறைகிறது. 27 கி.மீ.க்கு ஒரு மி.மீ.! உங்கள் சந்தேகம் இங்கே நியாயமானதுதான்.

லெப் வளையத்தில் எலக்ட்ரான்கள் ஒரு கற்றையாக, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடின. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை, அவற்றை உந்தும் ரேடியோ அலையின் அதிர்வெண் கட்டிப்போட்டிருந்தது. வேகமும் நேரமும் மாறாது என்றால் ஓடும் தூரமும் மாறாது. வளையம் மட்டும் விரிந்தால்? கற்றை நடுமையத்தை விட்டு இம்மியளவு உள்பக்கமாக ஒதுங்கி ஓடும். கற்றையைக் குவிக்க வைத்திருக்கும் காந்தங்களின் நடுமையத்தில் காந்தப்புலம் கிடையாது, ஒதுங்கினால் உண்டு. அங்கே விழும் அந்த வளைப்பு ஆற்றலை மாற்றிவிடுகிறது. நீளத்தில் விழுந்த மாற்றம், விகிதக் கணக்கில், ஏறக்குறைய ஐயாயிரம் மடங்காகி ஆற்றலில் தெரியும். 45,000 எம்இவி (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு) கற்றையில் சுமார் 10 எம்இவி. லெப் ஆட்களோ இசட் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையை 2 எம்இவி பிசகுக்குள் சொல்லப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். விடுவார்களா? 1992 நவம்பரில் பௌர்ணமியை ஒட்டி மணிக்கணக்கில் அளந்தார்கள். ஆற்றலின் ஏற்ற இறக்கம் நிலா இழுப்பின் (ஓதத்தின்) கணக்கோடு அப்படியே பொருந்தியது.

ஜெனீவா ஏரியில் தண்ணீர் ஏறி இறங்கினாலும் வளையம் அசைந்தது. அது கிடக்கட்டும், உங்கள் இலாகா விஷயத்துக்கு வருகிறேன்.

1995இல் காந்தப்புலத்தில் ஒரு தொல்லை. பகலெல்லாம் துள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் அடங்கிக் கிடக்கும், விடிந்தால் மறுபடி ஆரம்பிக்கும். நீங்களாக இருந்தால் உடனே டைம்டேபிளைத் தேடியிருப்பீர்கள். குற்றவாளி ரயில்தான். அந்தப் பக்கத்து பிரெஞ்சுப் பாதை 1,500 வோல்ட் டிசி. (நம் கடற்கரை–தாம்பரம் பாதையும் 1931இல் 1,500 வோல்ட் டிசியில்தான் தொடங்கியது.) தண்டவாளம் வழியாகத் திரும்ப வேண்டிய ரிட்டர்ன் கரண்டில் ஒரு பங்கு மண்ணுக்குள் கசிந்து, லெப்பின் கற்றைக்குழாயைக் குறுக்குவழியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு ஆம்பியர் அளவுதான். தண்டவாள மின்னழுத்தம், குழாயில் ஓடிய மின்னோட்டம், காந்தப்புலம் மூன்றையும் ஒரே நேரத்தில் அளந்து ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்த படம் ஒன்று உண்டு. பாரிஸ் போகும் டிஜிவி அதிவேக ரயில் ஜெனீவாவிலிருந்து கிளம்பும் நிமிஷத்தில் மூன்று கோடுகளும் சேர்ந்து துள்ளுகின்றன. எனக்கு நிலாவைவிட இந்தப் படம்தான் பிடிக்கும்.

மறுவருஷம், 1996இல், கற்றை சுற்றி வரவே மறுத்தது. குழாயைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு பீர் பாட்டில்கள். அதில் நிலாவுக்கும் பங்கில்லை, ரயில்வேக்கும் பங்கில்லை.

அன்புடன்.