வாயேஜரின் மெல்லிய குரல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாயேஜர் 1 விண்கலத்தின் அலைபரப்பி 23 வாட் ஆற்றல்தான் கொண்டது என்று படித்தேன். எங்கள் வீட்டுப் பழைய குழல்விளக்கே அதைவிட அதிக மின்சாரம் எடுக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து அது அனுப்புவது நமக்கு எப்படிக் கேட்கிறது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: குழல்விளக்கு தன் ஒளியை எல்லாப் பக்கமும் இறைத்துவிடுகிறது. வாயேஜரோ தன் 23 வாட்டையும் 3.7 மீட்டர் அகலமுள்ள கிண்ண ஆன்டெனாவால் குவித்து, ஏறக்குறைய அரை டிகிரி மட்டுமே விரியும் ஒற்றைக் கற்றையாகப் பூமியை நோக்கி அனுப்புகிறது. அப்படிக் குவித்தும், சுமார் 2,500 கோடி கிலோமீட்டரை 23 மணி நேரத்தில் கடந்து இங்கு வந்து சேரும்போது, அந்தக் கற்றை பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட அகலமாகப் பரந்துவிடுகிறது. ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் நூறு கோடிப் பங்காக்கினால் கிடைப்பதைவிடக் குறைவான ஆற்றல்தான் 70 மீட்டர் ஆன்டெனா ஒன்றின் மேல் விழுகிறது.

ஆகவே வியப்புக்கு உரியது அந்தக் குரலைவிட நம்முடைய காது என்றே நான் சொல்வேன். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் நாசாவின் பெரிய ஆன்டெனாக்கள் நிற்கின்றன. பூமி எப்படிச் சுழன்றாலும் ஏதாவது ஒன்று வானத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். கருவியின் சொந்த வெப்பமே இரைச்சலாகிச் செய்தியை மூழ்கடித்துவிடும் என்பதால், முதல் பெருக்கியைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாத எல்லைக்கு) அருகில் குளிர்வித்து வைக்கிறார்கள். முதலில் 64 மீட்டராக இருந்த அந்த ஆன்டெனாக்கள், 1989இல் வாயேஜர் 1இன் இரட்டைக் கலமான வாயேஜர் 2 நெப்டியூனை அடைவதற்கு முன் 70 மீட்டராக விரிவாக்கப்பட்டன. அந்தச் சந்திப்புக்காக நியூ மெக்சிகோவிலுள்ள 27 வானொலித் தொலைநோக்கிகளும் கூடச் சேர்க்கப்பட்டன. விண்கலம் தொலைவாகப் போகப் போக, அதைக் கேட்கும் காதை இங்கே பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

வேகத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1979இல் வியாழனிலிருந்து நொடிக்கு 1,15,200 பிட் வரை அனுப்பிய கலம், இப்போது வழக்கமாக 160 பிட் அனுப்புகிறது. காற்று இரையும் வயலில் எதிர் வரப்பில் நிற்பவரிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும்.

கேள்வி: வாயேஜர் 2 கலத்துக்குக் கான்பெராவிலிருந்து மட்டும் கட்டளை அனுப்புவது ஏன்?
– ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: நெப்டியூனின் வட துருவத்துக்கு மேலாகப் பறந்தபோது, அக்கோளின் ஈர்ப்பு அதன் பாதையைத் தெற்கு நோக்கி வளைத்துவிட்டது, வட கோளத்தில் உள்ள ஆன்டெனாக்களுக்கு அது தென்படாது. 2023 ஜூலையில் தவறான கட்டளை ஒன்றால் அதன் ஆன்டெனா பூமியிலிருந்து 2 டிகிரி விலகித் தொடர்பு அறுந்தபோது, கான்பெராவின் முழு ஆற்றலோடு திருத்தக் கட்டளையை அனுப்பினார்கள். பலன் தெரிவதற்கு ஏறத்தாழ 37 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 4 அன்று தொடர்பு திரும்பியது.

கேள்வி: எட்ட முடியாத தொலைவில் உள்ள கணினியைப் பழுது பார்த்தார்கள் என்பது உண்மையா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: உண்மைதான், இந்தப் பயணத்திலேயே என்னை மிகவும் நெகிழச் செய்த நிகழ்வு அது. 2023 நவம்பரில் வாயேஜர் 1 பொருளற்ற பிட்களை அனுப்பத் தொடங்கியது. கலம் கட்டளைகளைக் கேட்டது, ஆனால் சொன்னது எதுவும் புரியவில்லை. 2024 மார்ச்சில் அனுப்பிய ஒரு கட்டளைக்கு, தரவுகளைத் தொகுக்கும் கணினியின் நினைவகம் முழுவதும் பதிலாக வந்தது. பழுதுக்கு முன் கிடைத்திருந்த பதிவோடு அதை ஒப்பிட்டபோது, நினைவகத்தில் சுமார் 3 சதவீதத்தைத் தாங்கிய பகுதி கெட்டிருந்ததும், அதற்கு ஒரு சில்லு (சிப்) காரணமாக இருக்கலாம் என்பதும் தெரியவந்தன. சில்லை மாற்ற வழியில்லை. அதில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால், அதை முழுதாக வைக்கும் அளவுக்கு எங்கும் காலியிடம் இல்லை. எனவே நிரலைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடுக்குகளில் வைத்து, அத்துண்டுகளைச் சுட்டும் முகவரிகளை எல்லாம் திருத்தி, ஏப்ரல் 18 அன்று முதல் பகுதியை அனுப்பினார்கள். 1970களில் எழுதப்பட்ட நிரலில், சோதித்துப் பார்க்க இன்னொரு வாயேஜர் கையில் இல்லாத நிலையில் இதைச் செய்தார்கள் என்பதை உங்களைப் போன்றவர்கள் எளிதில் உணர்வீர்கள். ஏப்ரல் 20 அன்று கலத்தின் உடல்நிலை பற்றிய தகவல் மீண்டும் தெளிவாக வந்தது.

கேள்வி: வேற்றுலக உயிர்கள் கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று வாயேஜரில் வைத்த தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் தமிழ் வாழ்த்து உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. 55 மொழி வாழ்த்துகளில் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இருக்கின்றன. தமிழ் இல்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு.

கேள்வி: சூரிய ஒளி எட்டாத இடத்தில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அது குறையாமல் வருகிறதா?
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், மதுரை

பதில்: புளூட்டோனியம் 238 சிதையும்போது வெளிவரும் வெப்பத்தை, வெப்ப மின்னிரட்டைகள் நேரடியாக மின்சாரமாக மாற்றுகின்றன, சுழலும் பாகம் எதுவும் கிடையாது. 1977இல் ஏவப்பட்டபோது சுமார் 470 வாட் கிடைத்தது. புளூட்டோனியத்தின் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகும் காலம், 87.7 ஆண்டுகள் என்றாலும் மின்னிரட்டைகளும் தேய்வதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் குறைந்துவருகிறது. ஆன்டெனாவைப் பூமியை நோக்கி நிறுத்துவதற்கும் எரிபொருள் குழாய்கள் உறையாமல் காப்பதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், அறிவியல் கருவிகளைத்தான் ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். 2025 பிப்ரவரி 25 அன்று வாயேஜர் 1இன் காஸ்மிக் கதிர்க் கருவி அணைக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் அக்கலம் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின்) எல்லையைக் கடந்து விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்ததைக் கண்டறிய உதவியது அந்தக் கருவிதான்.